எழுதாத மொய்

கிளாஸ்கோவிலிருந்து வந்த ரயிலைக்
கார்லைலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
நிலையத்துக்கு எதிரே
நாலே மேசை போட்ட கடையில்
உருளைக்கிழங்கு சூப், ரொட்டி, டீ.
ஒன்பது பவுண்டு நாற்பது.

கார்டோடு கல்லாவுக்குப் போனால்
மோரீன், சட்டையில் பெயர் குத்தியிருந்தது,
வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாள்.
"கொடுத்தாச்சு."
யார்?
"ஜன்னலோரம் இருந்தாரே, பச்சைக் கோட்டு."
ஜன்னலோரம் இப்போது
ஒரு காலிக் கோப்பையும்
கசக்கிய துடைப்புத்தாளும்தான்.

பொய் சொல்வானேன்,
முதலில் வந்தது நன்றி இல்லை.
கோபம்.
என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?
கேக் அலமாரிக் கண்ணாடியில் பார்த்தேன்:
நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்ட சட்டை,
மழையில் ஊறிய ஷூ,
சிவந்த மூக்கு, கலங்கிய கண்.
ஐயா, அது சளி.
மூன்று நாளாகச் சளி.
இருபதே நிமிடத்தில் முடித்து
"தெரிவிக்கிறோம்" என்று அனுப்பியவர்களுக்காக
யாராவது அழுவார்களா?

ஓடினேன்.
டாக்சி வரிசையில் ஒரு பச்சைக் கோட்டு.
மூச்சு வாங்க மூன்று முறை தேங்க்ஸ் சொல்லி,
ஏன் செய்தீர்கள், தேவையே இல்லை,
என்னிடம் பணம் இருக்கிறது
என்று எல்லாம் கொட்டி முடித்ததும்
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:
"லண்டனிலிருந்து இப்போதுதான் இறங்கினேன்.
ஆனாலும் பரவாயில்லை,
என்னவாயிருந்தாலும் சந்தோஷம்."

எங்கள் பக்கத்தில் இதற்கு நோட்டு உண்டு.
மண்டப வாசலில் மேசை போட்டு
ஒருவர் எண்ண, ஒருவர் எழுத,
ஊர், பெயர், தொகை.
ஐம்பத்தொன்று வைத்தவருக்கு
நூற்றொன்றாகத் திரும்பும்.
திரும்பாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு.
ஒன்பது பவுண்டு நாற்பதை
எந்த ஊர் என்று எழுத?
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
சரி, நினைக்கிறேன்,
நினைக்க ஒரு முகம் வேண்டாமா?
வெறும் கோட்டை வைத்துக்கொண்டு
எத்தனை நாள் ஓட்டுவது?

கடைக்கே திரும்பினேன்.
இறக்கி வைக்கிற அவசரம்.
மூலையில் ஒரு பெண், டீயும் கேக்கும்,
மடியில் ஒரு பள்ளிப் பை.
"அவங்க பில்லை நான் தரேன்" என்று
மோரீனிடம் கிசுகிசுத்தது
அவள் காதில் விழுந்துவிட்டது.
"எதுக்கு?" என்றாள்.
"என்கிட்ட இல்லைன்னு யார் சொன்னது?"
கால்மணி நேரத்துக்கு முன்
நான் மாட்டியிருந்த அதே முகம்,
அவளுக்கு இன்னும் கொஞ்சம் பொருத்தமாக.

மன்னிப்புக் கேட்டேன்.
அவள் கேக்கைப் பார்த்தபடி தலையசைத்தாள்.
என்னை அப்படியே நிற்க விடாமல்
மோரீன்தான் கேட்டாள்:
"சூப் எப்படி இருந்தது?"
அப்போதுதான் நாக்கு யோசித்தது.
உப்புக் குறைவு.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?
நன்றாக இருந்தது என்றேன்.
சூடாக இருந்தது என்றும் சொன்னேன்,
அது உண்மை.

மூன்று ஐம்பதுக்கு வண்டி வந்தது.
வீட்டுச் செலவு ஏற்றுகிற செயலியில்
"கார்லைல், சாப்பாடு" என்று அடித்து
தொகையில் பூஜ்யம் போட்டேன்.
ஏற்கவில்லை.
சரியான தொகையை உள்ளிடவும் என்று
சிவப்பில் மிரட்டியது.
பேருக்கு ஒரு பென்னி போட்டு வைத்தேன்.

லங்காஸ்டர் தாண்டும்போது
இளம்பரிதி அழைத்தான்.
"சாப்பிட்டியா?"
"ம்."
"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"
"சளி" என்றேன்.

ப்ரெஸ்டன் வரை நிற்கவில்லை
அந்தச் சளி.